வெந்நீரூற்று விடுதி: யப்பானிற் கண்டதும் கருதியதும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“யப்பானுக்குப் போய் வந்தாய், அங்கே கண்டதை எங்களுக்கும் சொல்லு” என்று செயலாளர் அண்ணா பணித்தார். வானளாவிய மாடங்களைப் பற்றியும், காற்றினும் கடுகிச் செல்லும் புகைவண்டியைப் பற்றியும் நான் பேசுவேன் என அவர் எண்ணியிருக்கலாம். அவற்றைப் பற்றிப் பத்திரிகைகளும் படங்களும் வேண்டிய அளவு சொல்லிவிட்டன. நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. யப்பானியர் எப்படிக் குளிக்கிறார்கள் என்பதே அது. “கூழானாலும் குளித்துக் குடி” என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே இப்பொருளை அற்பமென்று நீங்கள் தள்ளமாட்டீர்கள் என்ற துணிவோடு தொடங்குகிறேன்.

யப்பான் எரிமலைகளின் நாடு. இன்றும் உயிர்ப்புள்ளவையாக 111 எரிமலைகளை அந்நாட்டு வானிலை நிலையத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலத்தின் அடியில் இருக்கும் அந்த நெருப்பே மேலே நீராய் வந்து பல இடங்களில் மக்களுக்கு உதவுகிறது. நாடெங்கும் 25,000க்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுக் கண்கள் உள்ளன. இவற்றை ‘ஒன்சென்’ என்பர். எதை ஒன்சென் என்று அழைக்கலாம் என்பதற்கே 1948ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். ஊற்றுக் கண்ணில் நீர் 25 பாகை வெப்பத்திற்குக் குறையாதிருக்க வேண்டும். அல்லது சட்டம் குறிப்பிடும் 19 பொருள்களுள் ஒன்றேனும் குறித்த அளவில் அந்நீரிற் கலந்திருக்க வேண்டும். இத்தகைய ஊற்றின் அருகே வழிப்போக்கர் தங்குவதற்கு அமைந்த பழமுறை விடுதியை ‘ரியோக்கான்’ என்பர். யமனாஷி மாகாணத்து மலைப்பள்ளத்தாக்கில் உள்ள கெய்யுன்கான் என்னும் விடுதி கி.பி. 705இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய விடுதி அதுவே என 2011இல் கின்னஸ் ஏடு ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் அனுராதபுரத்து அரசர் ஆண்ட காலத்தில் திறந்த கதவு இன்னும் மூடப்படவில்லை!

ஆயினும் இந்த ஊற்றுகள் முதலிற் புகழ்பெற்றது உல்லாசத்தினால் அன்று, பக்தியினாலேயாம். பல வெந்நீரூற்றுகளின் பக்கத்தில் யக்குஷி என்னும் மருத்துவப் புத்தருக்குக் கோயில் இருக்கிறது. நான் தங்கிய கினோசாக்கி என்னும் ஊருக்கும் அத்தகைய வரலாறு உண்டு. தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் விரதம் இருந்து வேண்டிக்கொள்ள, 720ஆம் ஆண்டில் வெந்நீர் பொங்கியெழுந்தது என்பது அவ்வூர் ஐதிகம். காலிற் புண்பட்ட நாரையொன்று சேற்றிலே காலை ஊன்றி நின்று குணமடைந்ததைக் கண்டே மக்கள் ஊற்றை அறிந்தனர் என்று இன்னொரு கதையும் சொல்வர். முற்காலத்தில் அங்கு வருவோர் முதலில் மலைச்சரிவில் உள்ள ஒன்சென்ஜி கோயிலுக்குச் சென்று வணங்கி, ஆங்கு ஓர் அகப்பையைப் பெற்றுக்கொண்ட பின்னரே நீரைத் தொடுவார்களாம். முதலிற் கோயில், பின்னர் குளியல். கீரிமலைக் கேணியில் மூழ்கி நகுலேசுவரரை வணங்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. அதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. நம் திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு; கினோசாக்கியும் ஏழு பொது நீராட்டு மண்டபங்களால் பேர்பெற்ற ஊர்.

மாணவர் குழுவொன்றுடன் யப்பான் சென்றபோது, கியோத்தோ நகரிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் புகைவண்டியிற் பயணஞ் செய்து அவ்வூரை அடைந்தோம். நடுவே ஒரு சிற்றாறு, இரு கரையிலும் அலரி இனத்தைச் சேர்ந்ததல்லாத, கிளைகள் தாழ்ந்து நீரைத் தொடும் வில்லோ மரங்கள், வளைந்த கற்பாலங்கள், மரத்தாலான மூன்று மாடி விடுதிகள். இரண்டு இரவுகள் அங்கே தங்கினோம்.

விடுதி வாசலிற் பாதரட்சையைக் கழற்ற வேண்டும். நம் வீடுகளிலும் அப்படித்தான். ஆனால் அவர்கள் நம்மையும் விஞ்சிவிட்டார்கள். நடைக்கு ஒரு செருப்புத் தருவார்கள். அறை வாசலில் அதையும் கழற்றிவிட வேண்டும். ‘தத்தாமி’ என்னும் கோரைப்பாய் பதித்த தரையில் வெறுங்காலோடோ காலுறையோடோதான் நடக்கலாம். அறையில் கட்டில் இல்லை, கதிரை இல்லை. தாழ்ந்த மேசை ஒன்று, இருக்கச் சில மெத்தைகள், சுவரிற் குழிந்த மாடமொன்றில் ஓர் ஓவியச் சுருளும் ஒற்றை மலர்க் கொத்தும். இவ்வளவே. பணிப்பெண் வந்து முழந்தாளிட்டு வணங்கிப் பச்சைத் தேநீரும் இனிப்பும் வைத்தாள். பின்னர் ‘யுக்காத்தா’ என்னும் பருத்தி அங்கியைத் தந்து, அதை உடுக்கும் முறையையும் காட்டினாள். இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேலே வரவேண்டும். மாறி உடுத்தினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. அபரக் கிரியையிலே பூணூலை இடம் மாற்றி அணியும் வழக்கமுள்ள நமக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இராப்போசனத்தை அறைக்கே கொண்டுவந்தார்கள். சிறு சிறு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கவளத்துக்கு மேல் இல்லை. கிண்ணமும் பருவத்துக்கு ஏற்ப மாறுமாம். குளிர்காலமாகையால் அக்கரையோரத்து நண்டு விருந்தின் தலைமைப் பண்டம். சைவ போசனம் உண்பவர் இவ்விடத்தில் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். மரக்கறி என்று தோன்றும் சூப்பிலும் குழம்பிலும் ‘தாசி’ என்னும் சாறு சேர்ந்திருக்கும். அது பெரும்பாலும் நம் மாசிக்கருவாட்டைப் போன்ற உலர்ந்த மீனைச் சீவிக் காய்ச்சியது. முன்கூட்டியே சொல்லிவைத்தால், பௌத்த மடத்துச் சமையல் முறைப்படி ஊனில்லாத உணவு செய்து தரும் விடுதிகளும் உண்டு. எங்கள் விடுதியார் சோயா அவரைக் கட்டியும் காளானும் கடற்பாசியும் கொண்டு எனக்கெனத் தனியே சமைத்திருந்தார்கள். உண்டு முடித்துத் திரும்புவதற்குள் அலுமாரியிலிருந்து மெத்தையை எடுத்துத் தரையில் விரித்துவிடுவார்கள். பகலில் இருக்கை அறை, இரவில் உணவறை, பின்னர் பள்ளியறை. ஒரே அறை மூன்று வேலை செய்கிறது. கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இரு வேளை உணவும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பணியாளருக்குக் கைக்காசு கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

இனிக் குளியலுக்கு வருகிறேன். கினோசாக்கியில் விருந்தினர் விடுதிக்குள் அடைந்து கிடப்பதில்லை. யுக்காத்தா உடுத்து, ‘கெத்தா’ என்னும் மரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு, பொது மண்டபங்களுக்கு நடந்து போகிறார்கள். மாலை வேளையில் தெரு முழுதும் டக் டக் என்ற கட்டையொலிதான். வாசலில் தொங்கும் திரைச்சீலையைப் பார்த்து ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் செல்லவேண்டும். உள்ளே போனதும் உடை முழுவதையும் களைந்து ஒரு கூடையில் வைத்துவிட வேண்டும். இடுப்பில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளவும் அனுமதியில்லை. தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து சவர்க்காரம் தேய்த்து, நுரை ஒரு சொட்டும் இல்லாமற் கழுவிய பின்பே தொட்டிக்குள் இறங்கலாம். கையில் உள்ள சிறு துவாய் நீரிற் படக்கூடாது. அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். நீரின் சூடு 40 பாகையும் அதற்கு மேலும் இருக்கும். நம் நாட்டிற் கிணற்றடியில் அழுக்குப் போக்கக் குளிக்கிறோம். அங்கே அழுக்கைப் போக்கிய பின்னர்தான் குளிக்கிறார்கள். ஒருவர் இறங்கிய நீரிலே அடுத்தவரும் இறங்க வேண்டியிருப்பதால், எனக்குப் பின் வருபவனுக்காக நான் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதே அந்த ஒழுங்கின் அடிப்படை. அதனை எழுதி ஒட்டிவைத்ததால் மட்டும் மக்கள் காக்கவில்லை. பிள்ளைப் பருவத்தில் தகப்பனோடும் தாயோடும் வந்து பழகிக் காக்கிறார்கள்.

அந்த நீரில் கழுத்தளவு அமர்ந்திருந்தபோது சுற்றிலும் பார்த்தேன். பக்கத்திலிருந்த முதியவர் வங்கி முகாமையாளரா, மீன் சுமப்பவரா என்று சொல்ல இயலாது. உடையோடு பதவியும் கூடையிற் போய்விட்டது. ‘உடையற்றோர் உறவு’ என்ற பொருளில் யப்பானியரிடம் ஒரு சொல்லே வழங்குகிறது. மேலதிகாரியும் கீழ்ப்பணியாளரும் ஒருமுறை சேர்ந்து குளித்தால் மனத்திரை விலகும் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

அன்பர்களே, இதுவரை நான் சொன்னவை கண்ணுக்கு இனியவை. இவ்வூர் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதற்கு அப்பாலே இருக்கிறது.

1925ஆம் ஆண்டு மே மாதம் 23ஆந் திகதி நிலநடுக்கம் ஒன்று அப்பகுதியைத் தாக்கியது. அதையடுத்து எழுந்த தீயில் மரத்தாலான ஊர் எரிந்து சாம்பராயிற்று. மீண்டும் கட்டியபோது தெருவையும் ஆற்றையும் அகலப்படுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் தத்தம் காணியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். வேலியை ஓரடி தள்ளி நாட்டியதற்காக மூன்று தலைமுறை வழக்காடும் நம்மவருக்கு இச்செய்தி நம்புதற்கு அரிதாகவே இருக்கும்!

ஆனால் அவர்களும் வழக்காடினார்கள். ஊர் எழுந்துவரும் காலத்தில், 1927இல், விடுதியொன்று தன் நிலத்திலே ஊற்றுத் தோண்டித் தன் விருந்தினருக்கென உட்குளியல் அமைத்தது. என் காணியில் எழும் நீர் எனக்குரியது என்பது அவ்விடுதியின் வாதம். நீர் ஊரின் பொதுச் சொத்து. ஒவ்வொரு விடுதியும் தனக்கெனத் தொட்டி கட்டிக்கொண்டால் பொது மண்டபங்கள் வெறிச்சோடும், தெருவிலே கடை வைத்திருக்கும் சிறியவர் அழிவர் என்பது ஊராரின் வாதம். வழக்கு ஏறக்குறைய இருபத்து மூன்று ஆண்டுகள் நீடித்து, 1950இற் சமாதானத்தில் முடிந்தது. ஊற்று நீர் ஊர்ப் பொதுவில் நிர்வகிக்கப்படும். விடுதிகள் உட்குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் அளவுக்கு வரம்பு உண்டு. ஆகையினாலேதான் இன்றும் விருந்தினர் தெருவுக்கு வருகிறார்கள். அவ்வூரார் தம் ஊரை ஒரே விடுதியாக உருவகித்துச் சொல்வார்கள்: புகைவண்டி நிலையம் அதன் வாசல், தெருக்கள் அதன் நடைகள், விடுதிகள் அதன் அறைகள், பொது மண்டபங்கள் அதன் குளியலறைகள். 1980ஆம் ஆண்டளவில் 80,000க்கு மேல் இருந்த ரியோக்கான்கள் 2017இல் 40,000க்கும் குறைந்துவிட்ட நாட்டில், இவ்வூர் இன்னும் கலகலப்பாக இருப்பதற்கு இந்தப் பகிர்வும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

எல்லாம் நன்று. எனினும், ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் யார் அடங்குகிறார் என்று கேட்கும்போதுதான் ஒரு சமுதாயத்தின் உண்மையான நிறம் வெளிப்படுகிறது.

நான் கற்றது மிஷன் பாடசாலையில். அங்கே விவிலிய பாடத்திற் படித்த ஒரு கதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. எருசலேமில் பெதஸ்தா என்றொரு குளம். நீர் கலங்கும் வேளையில் முதலில் இறங்குபவன் குணமடைவான். முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயாளியாய் இருந்த ஒருவன் அங்கே கரையிலே கிடக்கிறான். மருந்து கண்முன்னே இருக்கிறது. தன்னை அதில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்பதே அவன் துயரம். யப்பானியரிடமும் இதற்கு ஒத்த கதை உண்டு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோமியோ என்னும் பேரரசி ஆயிரம் பேரின் உடலைத் தன் கையாற் கழுவுவதாக நோன்பு கொண்டாள். ஆயிரமாவதாக வந்தவன் தொழுநோயாளி. பேரரசி கூசாமல் அவனைக் கழுவினாள்; அவன் உடல் ஒளிவீசிற்று; அவன் அட்சோப்பிய புத்தராகக் காட்சி தந்தான் என்பர். அடியார் வேடத்தில் ஆண்டவன் வந்து சோதித்த வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றுமா?

கதை இவ்வாறிருக்க, நடந்தது என்ன? குசாத்து என்னும் வெந்நீரூற்று ஊருக்குப் பன்னெடுங் காலமாகத் தொழுநோயாளர் நாடி வந்தனர். 1887இல் அவர்களை ஊரின் ஒதுக்குப்புறமான யுனொசாவாவுக்கு ஒதுக்கினார்கள். 1916இல் கோர்ன்வால் லீ என்ற ஆங்கில மாது அங்கே குடியேறி, தம் முதுமையிலும் மருத்துவமனையும் இல்லங்களும் அமைத்து அவர்களுக்குத் தொண்டு செய்தார். 1941இல் அக்குடியிருப்பே கலைக்கப்பட்டு, மக்கள் அரசாங்கத் தொழுநோய் நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். நோயாளரைப் பிரித்துவைத்த சட்டம் 1996இலேயே நீக்கப்பட்டது. அப்பிரிவினை முறை அவர்களுக்கு இழைத்த அநீதிக்கு அரசாங்கம் நட்டஈடு தரவேண்டும் என்று கூமாமொத்தோ நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது.

அதன் பின்னும் என்ன நடந்தது தெரியுமா? அதே கூமாமொத்தோ மாகாணத்தில், 2003ஆம் ஆண்டு, நோய் முற்றாகக் குணமாகி முதுமையடைந்திருந்த சிலர் ஒரு வெந்நீரூற்று விடுதியில் ஓர் இரவு தங்க விரும்பினர். மாகாண நிர்வாகமே அவர்களுக்காக இடம் பதிவு செய்தது. மற்ற விருந்தினருக்குச் சங்கடம் என்று சொல்லி விடுதி மறுத்துவிட்டது. செய்தி பரவி நாடே கொதித்தது. மறு ஆண்டில் விடுதி மூடப்பட்டது. ஆனால் விடுதியார் கேட்ட மன்னிப்பை அம்முதியோர் உடனே ஏற்கவில்லை என்பதற்காக, அவர்களையே இகழ்ந்து எழுதிய கடிதங்களும் குவிந்தன. இழிசொல் எழுதியவர்கள் யார்? தொட்டிக்குள் இறங்குமுன் நுரை ஒரு சொட்டும் இல்லாமற் கழுவிக்கொள்ளப் பழகிய நாட்டினர்தாம். இதே போல, ஒத்தாரு என்ற ஊரில் அந்நிய முகமுடையவரை உள்ளே விடாத குளிப்பகம் ஒன்றின்மீது மூவர் வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் ஒருவர் யப்பானியக் குடியுரிமை பெற்றவர். ஆளுக்குப் பத்து இலட்சம் யென் நட்டஈடு கொடுக்கும்படி 2002இற் சப்போரோ நீதிமன்றம் பணித்தது.

யப்பானியரைக் குறைகூறுவதற்காக இவற்றை நான் சொல்லவில்லை. எனக்கு அவர்கள் காட்டிய உபசாரத்தை என்றும் மறவேன். உடல் தூய்மையை இவ்வளவு நுட்பமாக வளர்த்த மக்களிடத்தும், அத்தூய்மையே சிலரை வெளியே நிறுத்துவதற்குச் சாட்டாக மாறிவிடக்கூடும் என்பதையே சுட்டுகிறேன். ‘சுத்தம்’ என்ற சொல் இருபக்கமும் வெட்டும் கத்தி. எனக்குப் பின் வருபவனுக்காக நான் சுத்தமாக இருப்பேன் என்பது அறம். எனக்குப் பின் அவன் வந்தால் நீர் அசுத்தமாகும் என்பது அகந்தை.

பெரியோர்களே, இந்தக் கத்தியை நாமும் அறிவோம். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் யார் வாளியைத் தொடலாம், யார் கையேந்தி நிற்க வேண்டும் என்று வகுத்து வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும், 1968இல், மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். 2018இற்கூட, தேர்வடத்தை எல்லாரும் தொடுவதை விரும்பாமல் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு தேரை இழுத்தார்கள் என்ற செய்தி தென்மராட்சியிலிருந்து வந்து நம்மைத் தலைகுனியச் செய்தது. சைவம் வளர்க்கும் சங்கத்தில் இதைச் சொல்லலாமா என்று சிலர் கருதக்கூடும். சைவம் வளர்க்கும் சங்கத்திற் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

கினோசாக்கி ஊரார் இருபத்து மூன்று ஆண்டுகள் வழக்காடியது நீர் யாருக்கு உரியது என்ற கேள்விக்காக. அக்கேள்விக்கு நம் சங்கம் வழக்கின்றியே விடை சொல்லலாம். அதற்கு ஒரு சிறு வழியைச் சபையின் முன் பணிவோடு வைக்கிறேன். ஆண்டுதோறும் கோயில் திருவிழாவில் நாம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் எல்லாருக்கும் கொடுக்கிறோம், அதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீர் அள்ளுவதும் கரைப்பதும் வார்ப்பதும் யார்? இதுவரை குறித்த சில தெருக்களின் பிள்ளைகளே. வருகிற திருவிழாவில் ஊரின் எல்லாத் தெருக்களின் இளைஞரும் அந்தப் பந்தலில் நின்று அள்ளவும், கரைக்கவும், வார்க்கவும் வேண்டும். அவர்கள் கையால் வார்த்ததைப் பெரியோர்களாகிய நீங்கள் முதலில் வாங்கிக் குடித்துத் தொடக்கிவைக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டாம். ஒரு செம்பும் ஒரு மனமும் போதும்.

வெந்நீரைத் தர நமக்கு எரிமலை இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்தது. அதை எல்லார் கையாலும் எல்லாரும் பருகும் நாளை இவ்வாண்டிலேயே காண்போமாக.